பதினேழுக்கு மேல்

பெருநகர் என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில் நெல் விளைவிப்போரும், விளைந்ததை வாங்குவோரும், இரண்டுமில்லாமல் வெறுமனே சோறு தின்போரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை இனி மனிதர்கள் முடிவு செய்யப் போவதில்லை. அந்தப் பொறுப்பு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்க, ‘நெல்லறிவன்’ என்ற கருவியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. உத்திரமேரூர் சாலையில், செங்கதிர் உழவர் நிறுவனத்தின் களத்து வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரில் நிறுவனத் தலைவர் பச்சமுத்து வலது பக்கம் கும்பிட்டபடியும், கருவியைக் கண்டுபிடித்த பேராசிரியர் தினகரன் இடது பக்கம் கன்னத்தில் விரல் வைத்து யோசித்தபடியும் நின்றார்கள். நடுவில் ஒரு நெற்கதிர். இருவரும் அதைவிடப் பெரியவர்கள்.

அதுவரைக்கும் இந்தப் பக்கத்தில் ஈரம் பார்ப்பது பல்லின் வேலையாக இருந்தது. ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது. மெத்தென்று நசுங்கினால் ஈரம். விளைவிக்கிறவர், வாங்குகிறவர், சும்மா வேடிக்கை பார்க்கிறவர் எல்லாரும் கடிப்பார்கள். இந்த முறையில் இருந்த ஒரே பெரிய குறை, இதைத் திறந்து வைக்க யாரையும் அழைக்க முடியாது என்பதுதான்.

நெல்லறிவன் ஒரு தகரப் பெட்டி. உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகை. திருவிழாவில் அப்பன் தோளில் பிள்ளை ஏறி உட்கார்ந்திருப்பதுபோல அதன்மேல் இன்னொரு பலகை. பெட்டிக்கு வெளியே ஒரு கிண்ணம், அதில் எதிரெதிராக இரண்டு உலோகத் தகடுகள். கிண்ணத்தில் நெல்லைக் கொட்டினால் ஈரத்துக்குத் தகுந்தபடி தகடுகளுக்கு நடுவே மின்சாரம் கசியும். அது ஒரு கம்பி வழியாக மேல்பலகையின் ஊசி ஒன்றுக்கு வந்து சேரும். கீழ்ப்பலகை அதை எண்ணாக்கித் திரையில் காட்டும். பதினேழோ அதற்குக் கீழோ வந்தால் எடைமேடைக் கணினி திறந்துகொள்ளும். பதினேழுக்கு மேல் போனால் திறக்காது. மீறித் திறக்கிற ரகசியச் சொல் நெல்லை வாங்கும் மில்லிடம் மட்டுமே இருந்தது. “என்னாலேயே ஏமாற்ற முடியாத கருவி” என்று தினகரன் மேடையில் சொன்னார். கைதட்டினார்கள். அவர் சொன்னது சத்தியம் என்று தெரிய மறுநாள் காலை வரைக்கும் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

திறப்பு விழாவில் கருவியை யாரும் இயக்கிப் பார்க்கவில்லை. திறப்பு விழாக்களில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாக வந்தவள் கனகா. பெருநகர்க்காரி, செய்யாற்றுப் பக்கம் குத்தகை நிலம். சொர்ணவாரிப் பருவத்தில் விளைந்த நெல் முழுவதையும் வாடகை டிராக்டரில் ஏற்றி வந்து களத்தில் கொட்டிவிட்டு, டிராக்டரை அனுப்பியும் விட்டாள். அறுவடை நேரத்தில் வாடகை டிராக்டர் ஓரிடத்தில் நிற்காது. அதற்கப்புறம் கிண்ணத்தில் ஒரு கை நெல்லைப் போட்டார்கள். 21.8 என்றது. இன்னொரு கை போட்டார்கள். அதே 21.8. பின்னால் வரிசையில் நின்ற மற்ற டிராக்டர்காரர்கள் விஷயம் புரிந்ததும் களத்துக்குள் நுழையாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். முதலில் வந்த பெருமை கனகாவோடு களத்திலேயே தங்கிவிட்டது. ராத்திரி அவளும் நெல்லோடு அங்கேயே படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தினகரன் பைக்கில் வந்து இறங்கினார். நாற்பத்தாறு வயது. காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பேனரில் ‘உதவி’யை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் ஆட்சேபிக்கவில்லை. பைக்கை ஷெட் சுவரோரம் நிழலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தார்.

கனகா வெயில் ஏற ஏற நெல்லைக் காலால் தள்ளித் தள்ளிப் பரப்பினாள். பரப்பிக்கொண்டே போனதில் நெல் ஷெட் சுவர் வரைக்கும் வந்து பைக்கைச் சுற்றி வளைத்துக்கொண்டது. நடுப்பகலில் தினகரன் வெளியே எட்டிப் பார்த்தபோது அவருடைய பைக் மஞ்சள் ஏரிக்கு நடுவே தீவு மாதிரி நின்றது. நெல்லைச் செருப்புக் காலோடு மிதிக்க முடியாது. அதன்மேல் பைக்கை உருட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் வேண்டுமென்றே செய்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை.

“இன்னா சார், இன்னா சொல்து ஒன் டப்பா?” என்று வாசலில் இருந்து கேட்டாள்.

“இருபத்தொண்ணு புள்ளி எட்டு.”

“நேத்தும் அத்தயேதான் சொல்லிச்சு. ரெண்டு நாளா வெய்யில்ல காயிது, அதுக்கு ஒண்ணும் தெரியலயா?” ஒரு நெல்லை வாயில் போட்டு டக்கென்று கடித்துக் காட்டினாள். “கேட்டுச்சா?”

தினகரனுக்குக் கேட்டது. கணினி முன்னால் உட்கார்ந்திருந்த ஜெயப்பிரியாவுக்கும் கேட்டது. அவள் ரசீது போடும் வேலைக்கு எடுக்கப்பட்டவள். இரண்டு நாளாக ஒரு ரசீதும் போடாமல் சிவப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவிக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

தினகரன் முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தார். அணைத்துவிட்டுப் போட்டார். பிறகு படித்தவர்கள் செய்வதைச் செய்தார். கம்பியை மாற்றினார். அடாப்டரில் கோளாறோ என்று பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார். பக்கத்து வயலில் ஓடும் மோட்டாரின் இரைச்சல் கம்பியில் ஏறுகிறதோ என்று ஆளை அனுப்பி மோட்டாரை நிறுத்தச் சொன்னார். மோட்டார்க்காரர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி அனுப்பிய வசவில் ஈரம் அதிகம். நூறு தடவை அளந்து சராசரி எடுக்கும்படி நிரலைத் திருத்தினார். சராசரியும் 21.8. எர்த் சரியில்லை என்று தோன்றியது. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு கனகாதான் போனாள்.

“நெல்லு காயலன்னு சொல்லிட்டு தண்ணி ஊத்த சொல்றான் பாரு” என்று ஜெயப்பிரியாவிடம் சொல்லிக்கொண்டே ஊற்றினாள். எண் அசையவில்லை.

பச்சமுத்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையோடு வந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் நல்லது கெட்டது எதற்கும் முன்னால் நிற்பார். நின்றதைப் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவரும் குனிந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். டக்.

“காஞ்சிதான் கீது” என்றார்.

“அப்ப போட்டுக்கோயேண்ணா!” என்றாள் கனகா.

“நான் சொல்லி இன்னா ஆவும்? மிஷின் சொல்லணும். மில்லுகாரன் அத்தத்தான் பாப்பான். இன்னிக்கி ஞாயித்துக்கெயம, போன் போட்டா எடுக்க மாட்டான்.” தினகரன் பக்கம் திரும்பினார். “இன்னா புரொபசரு, பேஜாரா கீது. நாளிக்கி பேப்பர்காரன் வரான். சம்பந்தி வேற போன் மேல போன் போட்டுக்கினு கீறாரு.”

சம்பந்தி என்றால் தினகரனின் கல்லூரித் தாளாளர். அவருடைய மகள் வளர்மதிதான் பச்சமுத்து வீட்டு மருமகள். அந்த உறவில்தான் கருவி களத்துக்கு வந்தது, தினகரன் பேனருக்கு வந்தார். கருவி சரியாகாவிட்டால் எந்த வழியாக வந்தாரோ அந்த வழியாகவே எல்லாம் திரும்பிப் போகும் என்பது அவருக்குத் தெரியும். இந்த வயதில் இன்னொரு கல்லூரி எடுத்துக்கொள்ளாது. கடன் போட்டுக் கட்டிய வீட்டின் மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. வேலையை நினைத்த ஒவ்வொரு முறையும் அந்தக் கைப்பிடியில்லாத படிதான் ஞாபகத்துக்கு வந்தது.

பச்சமுத்து ஃபேனுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. வெளியே புழுக்கம் ஏறிக்கொண்டிருந்தது. மேற்கே, வந்தவாசிப் பக்கமாக, வானத்தின் அடியில் மசி தடவினாற்போல ஒரு கோடு.

முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டதைத் தினகரன் கடைசியில் உணர்ந்தார். கிண்ணத்தில் இருந்து வரும் கம்பியை மேல்பலகையில் இருந்து மொத்தமாகப் பிடுங்கினார். இப்போது கிண்ணமும் இல்லை, நெல்லும் இல்லை. திரை 21.8 என்றது.

அதாவது நெல்லைப் பற்றிக் கருவி இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தன்னைப் பற்றியேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மல்டிமீட்டரை எடுத்தார். மேல்பலகையில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் மூன்று ஊசிகள் அடுத்தடுத்து நிற்கும்: ஒன்று தரை, ஒன்று மின்சாரம், ஒன்று செய்தி. மின்சார ஊசிக்கும் செய்தி ஊசிக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. மீட்டரின் இரண்டு முனைகளையும் அவற்றில் வைத்தார். இருக்கக் கூடாத தொடர்பு இருந்தது. எதுவோ ஒன்று இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திக்குள் கசிய விட்டுக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார்.

சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

காலையில் இருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் அதைத்தான். அந்த ஷெட்டில் பொட்டு இல்லாத பொருள் கிடையாது. எடைமேடையில் பொட்டு, கணினித் திரையில் பொட்டு, ஸ்டேப்ளரில் பொட்டு, அவருடைய மல்டிமீட்டரில்கூட விழாவன்று வைத்த பொட்டு. எல்லாவற்றிலும் இருக்கிற ஒன்று கண்ணில் படாது. வெள்ளிக்கிழமை புகைப்படத்துக்காகப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். வளர்மதி குத்துவிளக்கேற்றிவிட்டு, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக எடுத்து, கருவியின் நெற்றி எதுவென்று ஒரு நொடி யோசித்து, பலகையின் நட்ட நடுவில் வைத்தாள். பிறகு மூடியைப் போட்டுவிட்டார்கள். காற்றுப் புகாத பெட்டிக்குள் சந்தனம் இன்னும் காயவில்லை. களத்தில் உண்மையிலேயே ஈரமாக இருந்தது அது ஒன்றுதான்.

“கண்டுபிடிச்சுட்டேன் தலைவரே” என்றார். குரலில் பேனர்த் தினகரன் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். பையில் இருந்து ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தார். “ஒண்ணும் இல்ல. பொட்டுதான். தொடச்சா சரியாயிடும்.”

பச்சமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பெட்டிக்குள் பார்த்தார். முகம் மாறியது.

“இத்தயா? இது வளர்மதி கையால வெச்சது.”

“ஆமாங்க. அது ரெண்டு ஊசிக்கும் நடுவுல...”

“அந்தப் பொண்ணு மாசமா கீது, புரொபசர். ஏழு வர்சம் கயிச்சி. வெளிய யாருக்கும் இன்னும் சொல்லல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அது ஆசயா வெச்ச பொட்டு. அத்தப் போய் அழிக்கறதா? நாக்குல வருதா ஒனுக்கு?”

அவர் நடிக்கவில்லை. படம் எடுக்க ஆளில்லாத இடத்தில் பச்சமுத்து பயந்ததை தினகரன் அன்றுதான் பார்த்தார். பஞ்சு விரலிடுக்கிலேயே நின்றது.

பச்சமுத்து அய்யருக்குப் போன் போட்டார். அய்யர் திருப்புட்குழியில் ஒரு விசேஷத்தில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம். சாஸ்திரத்தில் பரிகாரம் இல்லாத விஷயமே இல்லை என்று முதலில் ஆறுதல் சொன்னார். பால் ஊற்றிக் கழுவினால் தோஷம் கிடையாது என்றார். தினகரன் பால் கூடாது என்று கை எடுத்துக் கும்பிட்டார். பேரம் நடந்தது. பால் வேண்டாம், ஸ்பிரிட்டே போதும், ஆனால் கற்பூரம் காட்டிவிட்டுத் துடைக்க வேண்டும், அதுவும் ராகுகாலத்தில் கூடாது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையில் இருந்து ஆறு. சுவர்க் கடிகாரத்தில் நாலரைக்கு மேல் ஆகியிருந்தது.

“ஆறு மணிக்கு பண்ணிக்கலாம்” என்று பச்சமுத்து நிம்மதியாக உட்கார்ந்தார். “ரெண்டு நாளு பொறுத்தாச்சி. இன்னும் கொஞ்ச நேரந்தான?”

கனகா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மேற்கே பார்த்தாள். மசிக் கோடு இப்போது கோடாக இல்லை. பாதி வானம் வரைக்கும் ஏறியிருந்தது.

“அண்ணா, ஆறு மணிக்கு மய வந்துரும்.”

“வராது. வந்தாலும் அந்தாண்ட போயிரும்.”

“எனுக்கு வர்சம் பூரா இந்த ஒரு நெல்லுதான்ணா. நனஞ்சா மொள உட்டுரும். அப்பால எவன் எடுப்பான்?” விறுவிறுவென்று உள்ளே வந்தாள். “எது, இந்தப் பொட்டா?” முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு பெட்டியிடம் கையை நீட்டினாள்.

“ஏய்! தொடாத!” பச்சமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “யார் தொட்டாலும் நீ தொடாத!”

கனகாவின் கை பாதியில் நின்றது. அவள் புருஷன் சுப்ரமணி போய் மூன்று வருஷம். ஜெயப்பிரியா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், எதற்கென்று தெரியாமல்.

கனகா கையை இறக்கினாள். கத்தவில்லை.

“கருமாதி அன்னிக்கி எனுக்கு அழிக்கசொல்லோ நீயும் அங்கதான்ணா நின்னுக்கினு இருந்த” என்றாள். “சீக்கிரம் ஆவட்டும், சீக்கிரம் ஆவட்டும்னு நீதான் சொன்ன. டப்பாவுக்கு மட்டும் ஆறு மணி ஆவணுமா?”

பச்சமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். அது அவரைக் காப்பாற்றும் வேகத்தில் ஓடவில்லை. “ஆறு மணிக்கு பண்ணிக்கலாம்னேன் இல்ல” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கனகா தினகரனைப் பார்த்தாள். அவர் கையில் பஞ்சு இருந்தது, பாட்டில் இருந்தது, பெட்டி எட்டும் தூரத்தில் திறந்திருந்தது. ஒரு தடவை துடைத்தால் போதும். அவருக்குத் தாளாளரின் முகம் ஞாபகம் வந்தது. கைப்பிடியில்லாத படி ஞாபகம் வந்தது. மின்சாரத்துக்கும் செய்திக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு இரண்டையும் கெடுக்கிற பொருள் பலகையில் மட்டுமா இருக்கிறது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அழகான நினைப்பு. அடுத்த மேடையில் சொல்லலாம். பாட்டில் மூடியைத் திருகி மூடினார், ஸ்பிரிட் ஆவியாகிவிடக் கூடாதே என்று.

அவள் வெளியே போய் நெல்லைக் குவிக்க ஆரம்பித்தாள்.

முதல் சொட்டு விழுந்தபோது கடிகாரத்தில் ஐந்தரைகூட ஆகவில்லை. செய்யாற்றுப் பக்கம் இருந்து புழுதியோடு காற்று வந்தது, அதன் பின்னாலேயே மழை. களத்தில் இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய். அது பாதி நெல்லுக்குத்தான் காணும். ஜெயப்பிரியா துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடினாள். தினகரன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி இரண்டு கையாலும் நெல்லை வாரினார். பச்சமுத்துவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். விவசாயம் பார்த்த உடம்பு, மற்ற மூவரையும்விட வேகமாகத் தள்ளினார். “பேனரு! பேனர அவுறு!” என்று கத்தியதும் அவர்தான். வாசலில் இருந்த ஃப்ளெக்ஸை அறுத்துக் கொண்டுவந்து மீதி நெல்லின்மேல் விரித்தார்கள். காற்று அதன் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டே இருந்தது. கனகா அதன்மேல் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். அவளுக்கு ஒரு பக்கம் கும்பிடும் பச்சமுத்து, இன்னொரு பக்கம் கன்னத்தில் விரல் வைத்த தினகரன். இருவரும் மழையில் கண் சிமிட்டாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே மூட முடிந்தது. கீழே முடியவில்லை. சிமென்ட் தரையில் ஓடி வந்த தண்ணீர் ஒரு பக்கம் குவியலுக்குள் நுழைந்து மறுபக்கம் நெல்லோடு வெளியே வந்து, பைக்கின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனது.

வந்த மாதிரியே மழை நின்றது. ஆறு அடித்தது. ராகுகாலம் முடிந்தது.

பச்சமுத்து தலையைத் துவட்டிக்கொண்டு, நனையாமல் வைத்திருந்த கற்பூரத்தை ஏற்றிக் கருவிக்குக் காட்டினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். தினகரன் பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தார். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஊசிகள் பளிச்சென்று நின்றன. கம்பியைச் செருகினார். காலிக் கிண்ணம், திரையில் பூஜ்யம். ஜாடியில் பத்திரமாக வைத்திருந்த விதை நெல்லை ஜெயப்பிரியா ஒரு கை எடுத்துப் போட்டாள். 12.4. கணினியில் பச்சை எரிந்தது.

“பாத்தியா!” என்று பச்சமுத்து கையைத் தட்டினார். “முன்னமே சொன்னேன், நேரம் பாத்து பண்ணா எல்லாம் நடக்கும்னு.” போனை எடுத்துச் சம்பந்தியை அழைத்தபடி ஷெட்டின் மறுகோடிக்கு நடந்தார்.

கனகா உள்ளே வந்தாள். புடவையில் இருந்து தண்ணீர் சொட்டியது. கன்னத்தில் பேனரின் மை கொஞ்சம் ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. கையில் மூடிக் கொண்டுவந்த நெல்லைக் கிண்ணத்தில் போட்டாள், விரல்களில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டாள். மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

26.3.

கருவியில் இப்போது எந்தக் கோளாறும் இல்லை.